கை நீட்டாத சாமிகள்

நாற்பத்தொரு சாமிகளும் அவளுடைய மேசைக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றுக்குக்கூட வலது கை இல்லை.

மூவாயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்தால் கை கால் போவது சகஜம்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். உடைந்ததை ஒட்டுவதுதான் அருங்காட்சியகத்தில் அவள் வேலை. பானையோ தட்டோ பொம்மையோ, பதினாறு வருடமாக எது துண்டு துண்டாக வந்தாலும் அவள் கைபட்டு முழுசாகிப் போகும். அதனால் வாசல் காவலாளியிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவள் ‘பசையக்கா’. “பையில பசை இல்லாட்டியும் பேர்லயாவது இருக்கே” என்பாள் அவள்.

சாமிகள் சின்னவை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் சுடுமண் உருவங்கள். வறண்டுபோன ஆற்றின் கரையில் புதைந்து கிடந்த ஒரு ஊரைத் தோண்டியபோது, வீட்டுக்கு ஒன்றாக, வாசற்படிக்கு அடியில் கிடைத்தன. மறுவருடம் அதே ஊருக்கு வெளியே ஒரு குழி தென்பட்டது. அதற்குள் கைகள் மட்டும் இருந்தன. சுண்டுவிரல் அளவில், விரித்த உள்ளங்கையோடு, எல்லாமே வலது கைகள்.

பசையக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. உடம்பு இங்கே, கை அங்கே, பசை தன்னிடம். எந்தக் கை எந்தச் சாமிக்கு என்று மூன்று மாதம் பொருத்திப் பார்த்தாள். ஒன்பது கைகளுக்கு ஆள் கிடைத்தது. ஆனால் எதுவும் சரியாக உட்காரவில்லை. சுட்டபின் உடைந்த மண் முறுக்கு உடைந்ததுபோலக் கரகரவென்று இருக்கும். இங்கே மணிக்கட்டு பிசைந்த மாவைப் பிய்த்ததுபோல வழவழவென்று இழுபட்டிருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு மணிக்கட்டின் மேலும் ஒரு கட்டைவிரல் தடம்.

கை தானாக உடையவில்லை. சாமியை முழுசாகச் செய்து, ஈரம் காயும் முன்பே அதன் வலது கையை யாரோ திருகி எடுத்திருக்கிறார்கள். பிறகு இரண்டையும் தனித்தனியாகச் சுட்டு, சாமியை வீட்டிலும் கையை ஊருக்கு வெளியிலும் புதைத்திருக்கிறார்கள்.

அவள் ஓடிப்போய்த் துறைத்தலைவரிடம் சொன்னாள். இருபது வருடமாக அந்த ஆற்றங்கரையைத் தோண்டிக்கொண்டிருப்பவர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு, வெகுநேரம் அந்த மணிக்கட்டைப் பார்த்தார்.

“பயம்மா” என்றார். “சில ஊர்ல சாமி எதிரி பக்கம் போயிடுமோன்னு சங்கிலி போட்டு வச்சாங்க. சில ஊர்ல மழை பெய்யலைன்னா வெயில்ல தூக்கிப் போட்டாங்க. நாமதான் சாமின்னா அன்புன்னு நினைச்சுக்கிறோம். இவங்களுக்குச் சாமி மேல நம்பிக்கை இருந்துச்சோ இல்லியோ, சந்தேகம் நிறைய இருந்திருக்கு. எழுதிக் கொடுங்க. அச்சுல வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

மூச்சு விடாமல் அவளால் இருக்க முடியவில்லை. அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் கணவனிடமும் கொழுந்தனிடமும் கொட்டிவிட்டாள். கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். கொழுந்தன் பல்செட் செய்பவன். மனைவி இறந்தபிறகு அதே வீட்டின் கீழ்த்தளத்தில் பட்டறை வைத்துக்கொண்டு, வேளாவேளைக்கு மாடிக்கு வந்து சாப்பிடுவான். எப்படித் திருகியிருப்பார்கள் என்று காட்ட அவள் கணவனின் மணிக்கட்டைப் பிடித்து உள்பக்கமாக ஒரு திருகு திருகினாள்.

“விடுடி, நாளைக்கு ஸ்பேனர் பிடிக்கணும்!” என்று அவன் அலறினான்.

கொழுந்தன் சிரித்தான். “கெட்டிக்காரங்க அண்ணி அவங்க. சாமி வீட்ல இருக்கணும், ஆனா கை நீட்டக் கூடாது.”

“அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லுவாங்களே, அதையும் சேர்த்துல்ல வெட்டி விட்டுட்டாங்க?” என்றாள் அவள்.

“அடி வாங்கினவனுக்குத்தான் தெரியும், அணைப்பு வேணுமா வேண்டாமான்னு” என்றான் அவன். அதன்பிறகு என்ன மண், எவ்வளவு சூட்டில் சுட்டது, நிறம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அச்சு எடுப்பதும் வார்ப்பதுமே அவன் பிழைப்பு என்பதால் அவளுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

எட்டு மாதம் கழித்து நாற்பத்திரண்டாவது சாமி வந்தது.

கொண்டுவந்தவர் பழம்பொருள் சேகரிப்பவர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாததால் ஊழியர்கள் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அருங்காட்சியகத்துக்குப் புதுக்கூடம் கட்டித் தருவதாக ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். பெட்டியைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து அதை எடுத்துத் தலைவரின் மேசையில் நிறுத்தினார். ஒரு சாண் உயரம். மற்ற சாமிகளுக்கு முகம் என்பது மூன்று குழி மட்டும்தான். இதற்கோ திறந்த கண்கள், மூடிய உதடு, தோளில் விழும் முடி. வலது கை இல்லை.

“எங்க தாத்தா நிலத்துல ஏர் ஓட்டும்போது கிடைச்சது. அந்த ஆத்தங்கரைதான். அறுபது வருஷமா பீரோவுக்குள்ள இருந்துச்சு” என்றார். “உங்க புதுக்கூடத்துல நடுநாயகமா இதை வைக்கலாம்னு எனக்கு ஆசை.”

தலைவர் அதன் முகத்தை விரலால் தடவிப் பார்த்தார். பசையக்கா பூதக்கண்ணாடியை எடுத்தாள். மணிக்கட்டு வழவழவென்று இழுபட்டிருந்தது. மேலே கட்டைவிரல் தடம்.

அவளுக்கு ஏதோ நெருடியது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ஏன் இப்படி ஆகிறது என்று அவளுக்கே முதலில் விளங்கவில்லை. ஈரப் பஞ்சால் முதுகு மடிப்பில் இருந்த மண்ணைத் தொட்டாள். வந்துவிட்டது. மற்ற நாற்பத்தொன்றிலும் மண் உப்போடு சேர்ந்து இறுகி, ஊசியால் சுரண்டினாலும் அடம்பிடித்தது. பீரோவில் இருந்ததால் அப்படி இருக்கலாமோ? இருக்கலாம்.

“சோதனைக்கு ஒரு துளி துளைச்சு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினா, எப்போ சுட்டதுன்னு சொல்லிடுவாங்க” என்றாள்.

கோட்டுக்காரர் முகம் சுருங்கியது. “சாமி உடம்புல ஓட்டை போடறதா? அது மட்டும் முடியாதும்மா. நீங்கதான் இதுல பேர் போனவங்க. பார்த்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

ஒரு வாரம் அவகாசம் கேட்டாள்.

சாமிகள் இன்னும் காட்சிக்கு வைக்கப்படவில்லை. கை திருகப்பட்ட சங்கதியும் அச்சில் வரவில்லை. ஆகவே இந்தப் பொம்மை பொய் என்றால், செய்தவனுக்கு அந்தத் திருகல் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்கள் அவளைச் சேர்த்து நாலு பேர். தலைவரைச் சந்தேகப்பட அவளுக்கு வாய் வரவில்லை. கணவனுக்கு ஒரு உருண்டை பிடிக்கக்கூட வராது. மிச்சம் ஒருவன்.

அன்று முதல் சாப்பாட்டு மேசையில் அவள் கண் தட்டில் இல்லை, கொழுந்தனின் விரலில் இருந்தது. நகக்கண்ணில் செம்மண் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. பல்செட் செய்பவனுக்கு வெள்ளை மாவுதானே ஒட்ட வேண்டும்?

“என்ன வேலை ஓடுது இப்போ?” என்று கேட்டாள்.

“வழக்கமான வேலைதான் அண்ணி” என்று எழுந்து கைகழுவப் போனான். எப்போதும் திறந்து கிடக்கும் பட்டறைக் கதவு ஒரு மாதமாக மூடியே இருப்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. மடியில் கனமில்லாதவன் எதற்குக் கதவை மூடுகிறான்?

சனிக்கிழமை முற்பகல் அவன் பல் ஆஸ்பத்திரிக்குச் செட்டுகளைக் கொடுக்கப் போயிருந்தான். மாற்றுச்சாவி மாடியில் ஆணியில் தொங்கியது. அவள் இறங்கிப் போய்த் திறந்தாள். சன்னல் ஓரம் வரிசையாகச் சிரிக்கும் பற்கள். மெழுகு வாசனை. மூலையில் ஒரு பலகைமேல் ஈரத்துணி போர்த்திய ஏதோ ஒன்று. துணியைத் தூக்கினாள்.

செம்மண்ணில் செய்த ஒரு வலது கை. விரித்த உள்ளங்கை.

அளவைக்கூடக் கவனிக்காமல் அவள் அதன் மணிக்கட்டில் கட்டைவிரல் தடத்தைத் தேடினாள்.

“என்ன தேடறீங்க அண்ணி?”

வாசலில் அவன், கையில் காலிப் பெட்டியோடு.

“நீயா?” என்றாள் அவள். “நான் நம்பிச் சொன்னதை வச்சு இப்படிப் பண்ணிட்டியே. அந்தக் கோட்டுக்காரனுக்கு நீதான் செஞ்சு கொடுத்தியா?”

அவனுக்கு எந்தக் கோட்டுக்காரன் என்றே தெரியவில்லை. அவள் படபடவென்று கொட்டியதிலிருந்து அவனே கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டான். புரியப் புரிய அவன் முகம் இறுகிக்கொண்டே வந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஈரத்துணியை முழுதாக விலக்கினான். பொம்மைக் கை இல்லை அது, ஒரு பெண்ணின் கை அளவு. அதில் மூன்று விரல்கள் வேறு நிறத்தில் இருந்தன.

“அச்சகத்துல வேலை பாக்கிற ஒரு அக்கா. மிஷின்ல மூணு விரல் போயிடுச்சு. முதல்ல மண்ணுல மாதிரி செஞ்சுட்டு, அப்புறம் ரப்பர்ல விரல் வார்த்து மாட்ட முடியுமான்னு பாக்கறேன். பல்லுக்குச் செய்யற அதே வேலைதான், ஆனா இதுவரைக்கும் செஞ்சது இல்ல. தோத்துட்டா ஊரே சிரிக்குமேன்னு யார்கிட்டயும் சொல்லல.” துணியை மறுபடி போர்த்தினான். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி. சாவி எடுத்துத் திறந்துதான் பாக்கணுமா?”

அவளுக்கு மன்னிப்புக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்த நிமிடத்திலும் மனசின் ஒரு மூலை, இதுவும் நடிப்பாக இருக்குமோ என்று கேட்டுக்கொண்டிருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

அன்று மதியம் அவன் சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கணவன் அவளைத் திட்டவில்லை. ஒரு தட்டில் சாப்பாட்டைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், தானே கீழே இறங்கிப் போனான். நாலு வசவு வாங்கியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை நாற்பத்தொரு சாமிகளையும் மறுபடி மேசையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் மணிக்கட்டையும் முதலிலிருந்து பார்த்தாள். நாற்பத்தொன்றும் உள்பக்கமாக, சாமியின் உடம்பை நோக்கித் திருகப்பட்டிருந்தன. ஒன்றுகூட மாறவில்லை. நாற்பத்திரண்டாவதை எடுத்தாள்.

வெளிப்பக்கம்.

கட்டைவிரலை எங்கே வைப்பது என்றுகூடத் தெரிந்து வைத்திருந்தவன் இதில் எப்படிச் சறுக்கினான்? பசையக்கா தன் பழைய நோட்டைத் தேடி எடுத்தாள். தலைவருக்குக் கொடுத்த நாலு பக்கத்தின் கையெழுத்துப் பிரதி அதில்தான் இருந்தது. விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். இரண்டாம் பக்கம், கடைசிக்கு முந்தைய வரி: ‘அனைத்தும் வெளிப்பக்கமாகத் திருகப்பட்டுள்ளன.’

அவளுடைய தப்பு. உள்பக்கம் என்று எழுத வேண்டிய இடத்தில் கை தவறி எழுதிவிட்டாள். எழுதியவளுக்கே எட்டு மாதமாகக் கண்ணில் படவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் அவள் கணவனின் கையைத் திருகியது உள்பக்கமாக. கொழுந்தன் எதிரே உட்கார்ந்து அதைக் கண்ணால் பார்த்தவன். அவன் செய்திருந்தால் சரியாகச் செய்திருப்பான். இந்தப் பொம்மையைச் செய்தவன் அந்த மேசையில் இல்லை. அவன் படித்தது அந்த நாலு பக்கத்தை.

தலைவரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“சார், என் குறிப்பை யாருக்காவது கொடுத்தீங்களா?”

“இழுப்பறையிலதான் இருக்கு” என்றார், நிமிராமல்.

“இருக்கறது இருக்கட்டும். யாராவது படிச்சாங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். “அவர் புதுக்கூடம் கட்டித் தர்றேன்னு சொல்றார். என்ன கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு ஆர்வமா கேட்டார். ரெண்டு நாள் படிக்கக் கொடுத்தேன். அதுல என்ன தப்பு?”

அவள் நோட்டைப் பிரித்து அந்த வரியைக் காட்டினாள். பிறகு பொம்மையின் மணிக்கட்டையும் பூதக்கண்ணாடியையும் அவர் முன் வைத்தாள். அவர் பார்த்தார்.

“செஞ்சவன் இடதுகைக்காரனா இருந்திருக்கலாமே” என்றார் கடைசியில். “அந்தக் காலத்துலயும் இடதுகைக்காரங்க இருந்திருப்பாங்க. இதுவும் பெரிய சாமி. வேற வழக்கம் இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம் சார். அப்படி ஒண்ணு கிடைச்சா நானே முதல்ல கையெழுத்துப் போடுவேன். ஆனா அந்தப் பிழை என்னோடது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்தவங்க என் குறிப்பைப் படிச்சிருக்க முடியாது.”

அவர் பொம்மையைத் திருப்பி அதன் முகத்தைப் பார்த்தார். அப்போதும் அதைப் பிடித்திருந்த விதத்தில் ஒரு பிரியம் இருந்தது.

“இருபது வருஷம்மா” என்றார். “இருபது வருஷம் தோண்டி எனக்குக் கிடைச்சதெல்லாம் மூஞ்சி இல்லாத, கை ஒடிச்ச, வாசப்படிக்கு அடியில மிதிபட்ட சாமிங்க. இவ்வளவு பெரிய ஊர், ஒருத்தர்கூடவா ஒரு சாமியை ஆசையா செஞ்சிருக்க மாட்டாங்கன்னு நினைச்சுட்டே இருந்தேன். இது வந்ததும்…”

“உங்களுக்குச் சந்தேகம் வரலையா சார்?”

“வந்துச்சு. நான்தான் அதைப் பேச விடல.”

அவர் திருடர் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அவர் இழுப்பறையில் தன் தாள் எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

மறுநாள் கோட்டுக்காரரை வரச் சொன்னார் தலைவர். மாதிரி எடுக்க ஒத்துக்கொண்டால் மட்டுமே சாமியை ஏற்க முடியும் என்று அவரே சொன்னார். குரல் கொஞ்சம் பிசிறினாலும் தடுமாறாமல் சொன்னார். கோட்டுக்காரர் முதலில் சிரித்தார், பிறகு சாமி குத்தம் என்றார், பிறகு இத்தனை நாள் பழகிய பழக்கத்துக்கு இதுதானா மரியாதை என்று கோபித்தார்.

பசையக்கா ஒன்று மட்டும் கேட்டாள். “உங்க தாத்தா நிலத்துல கிடைச்சதுன்னீங்களே, மண்ணுக்குள்ள இருந்து எடுக்கும்போது அந்தக் கை கூட இருந்துச்சா?”

“இருந்துச்சு. பக்கத்துலயேதான் கிடந்துச்சு. தாத்தா தொலைச்சுட்டார்” என்றார் அவர் சட்டென்று.

கைகள் எல்லாம் ஊருக்கு வெளியே ஒரே குழியில் கிடந்தன என்பதை அவள் அந்த நாலு பக்கத்தில் எழுதவே இல்லை. அந்தக் குழியைப் பற்றித் தலைவர் தனியாக எழுதுவதாக இருந்தார். தலைவர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கோட்டுக்காரர் பொம்மையைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். புதுக்கூடப் பேச்சும் அவரோடு போயிற்று. அவரே செய்வித்தாரா, வேறொருவனிடம் அந்தக் குறிப்பைக் கொடுத்துவிட்டு அவனிடமே ஏமாந்தாரா என்பது கடைசிவரை தெரியவில்லை. அவர் வாயால் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

சில மாதம் கழித்துக் காவலாளி ஒரு செய்தி கொண்டுவந்தார். வேறொரு ஊரில், ஒரு பெரிய ஓட்டலின் முன்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பொம்மை இருக்கிறதாம். வருகிறவர்கள் அதன் முன் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் மாடிக்குப் போகிறார்களாம். “கேட்டது நடக்குதுன்னு சொல்லிக்கிறாங்க பசையக்கா” என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஏனோ கொஞ்சம் பயமும் வந்தது.

இதற்கெல்லாம் முன்பே, பட்டறையைத் திறந்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கொழுந்தனிடம் போக அவளுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பட்டறைக் கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றாள். உள்ளே அச்சகத்து அக்கா உட்கார்ந்திருந்தாள். “வாங்க” என்றான் அவன். அந்தச் சொல்லில் அண்ணி இல்லை.

அந்த அக்கா இருப்பதையும் பார்க்காமல் அவள் சொன்னாள். “நான் பண்ணது தப்பு. உன்னைக் கேக்காம உள்ள வந்தது தப்பு. நீ சொன்னப்புறமும் நம்பாம நின்னேனே, அது அதைவிடப் பெரிய தப்பு.”

அவன் வேலையிலிருந்து நிமிரவில்லை. “உங்க சொந்தத் தம்பியா இருந்திருந்தா சாவியை எடுத்திருப்பீங்களா?”

‘அப்பவும் எடுத்திருப்பேன்’ என்று அவளுக்கு உடனே ஒரு பதில் வந்தது. ஆனால் அது பொய் என்று தெரிந்து அதை விழுங்கினாள். “எடுத்திருக்க மாட்டேன்” என்றாள்.

அவன் தலையசைத்தான். கோபமா ஆறுதலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. “ஒண்ணு மட்டும் சொல்றேன்” என்றான். “நான் செஞ்சிருந்தா நீங்க கண்டே பிடிச்சிருக்க மாட்டீங்க.”

அச்சகத்து அக்கா சிரித்துவிட்டாள். என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்தாள். அவளைப் பார்த்து அவனும் லேசாகச் சிரித்தான்.

சாப்பிட வர அவனுக்கு இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. வந்தபிறகும் பழைய பேச்சு இல்லை. மாற்றுச்சாவியை அவளே ஆணியிலிருந்து எடுத்து அவன் தட்டின் பக்கத்தில் வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அது அவளுக்கு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுடைய நாலு பக்கம், பிழை திருத்தி, அவள் பெயரிலேயே அச்சில் வந்தது. தலைவர் அதில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

மழை விட்ட ஒரு காலையில், அவள் வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, பட்டறையிலிருந்து குரல் கேட்டது.

“அண்ணி, ஒரு நிமிஷம் வெளிச்சத்துல பாருங்களேன். உள்ள இருந்து பாத்தா நிறம் தெரியல.”

அச்சகத்து அக்கா வாசலுக்கு வந்து வலது கையை வெயிலில் நீட்டினாள். மிச்சமிருந்த அடிக்கணுக்களில் மாட்டிய மூன்று விரல்களும் மற்ற இரண்டோடு சேர்ந்து மெல்ல மடங்கின. கோடுகள், கணு மடிப்பு, நகம் எல்லாம் இருந்தன. பசையக்கா அந்தக் கையைத் தன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவன் மனசும் குளிரும்.

“நகம் கொஞ்சம் சிவப்பு தூக்கலா இருக்கு” என்றாள். “மோதிர விரல்ல மட்டும்.”

அவன் இறங்கி வந்து குனிந்து பார்த்தான். “ஆமா” என்றான். விரலை மெதுவாகக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கதவைச் சாத்தாமல் போனான்.